அக்கா கேட்ட ஓட்டு

"சத்தியநாதனுக்குத் தமிழ் தெரியாது" என்று அறுபத்தேழு தேர்தலில் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரைக்கும் சுவரில் எழுதினார்கள். அது சுத்தப் பொய். என் அத்தானுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ரசத்தில் உப்பு குறைந்தால் தமிழில்தான் சொல்வார். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவனிடம் தமிழில்தான் சண்டை போடுவார். சர்ச்சில் தமிழில்தான் ஜெபம் பண்ணுவார், அதுவும் கொஞ்சம் நீளமாகவே. அவருக்குத் தமிழில் வராதது ஒன்றே ஒன்றுதான், பொருளாதாரம். கெட்ட நேரம், தேர்தலில் பேசுவதற்கு அவரிடம் அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

நான் ஐசக். ரயில்வேயில் குமாஸ்தா. அத்தானின் மனைவி ஜெயசீலி என் கூடப் பிறந்த அக்கா. அப்பா அம்மா போன பிறகு கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் எனக்கு ஜாகை. அத்தானைக் கேலி பண்ணும் உரிமை அக்காவின் சீர்வரிசையோடு சேர்ந்து எனக்கு வந்தது. அதை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

அத்தானுக்குப் பக்கத்துக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை. சின்ன வயதிலேயே அவரை மிஷன் போர்டிங்கில் சேர்த்துவிட்டார்கள். மேற்படிப்பு லண்டனில். சப்ளை, டிமாண்டு எல்லாம் இங்கிலீஷில் தலைக்குள் போய் இங்கிலீஷிலேயே வெளியே வந்துகொண்டிருந்தன. நல்ல வாத்தியார். பையன்கள் மணி அடித்த பிறகும் வராந்தாவில் மடக்கிச் சந்தேகம் கேட்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவார். அப்படியே ரிட்டயர் ஆகியிருக்க வேண்டிய மனுஷர்.

அறுபத்தாறில் கடைகளில் அரிசி கிடைக்காமல் போயிற்று. ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அத்தானுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், இவர் கட்டுரை எழுதுவார். இங்கிலீஷ் பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். டெல்லியில் ஒரு கட்சியின் பெரியவர்கள் அதைப் படித்துவிட்டு, இப்படி ஓர் ஆள் பார்லிமென்டில் நமக்கு வேண்டும் என்று ஆளனுப்பினார்கள். கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது வேறு கட்சியில் இருக்கிறார்கள், சங்கடப்படுவார்கள்.

அத்தான் ஒரு வாரம் யோசித்தார். "எழுதிட்டு உக்காந்திருந்தா ஒருத்தன் வயிறும் நிறையாது ஜெயா" என்று அக்காவிடம் சொன்னார். கல்லூரி சம்பளமில்லாத லீவு கொடுத்தது. எங்கள் பகுதிக்கு அவர் வேட்பாளர் ஆகிவிட்டார்.

பல்லாவரத்தில் மரக்கடை வைத்திருந்த துளசிங்கம்தான் கட்சியின் வட்டாரச் செயலாளர். வெள்ளைச் சட்டை, கனத்த குரல், தங்கமான மனசு. ஒத்திகை பார்க்கலாம் என்று ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அத்தான் ஹாலின் நடுவில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தமிழில் ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே மேடைத் தமிழ் வேதாகமத் தமிழ்.

"அந்நாட்களிலே விலைவாசி மிகவும் பெருகிற்று. ஜனங்கள் கலங்கிப்போனார்கள்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டாள். துளசிங்கம் என்னைப் பார்த்தார். "இன்னா சார் இது, சாமியாரு பேசற மாதிரி கீது?" என்று காதைக் கடித்தார்.

அப்போதுதான் அத்தானுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் சபைகளில் பிறந்து வளர்ந்த ஒருத்தருக்குத்தான் அப்படியெல்லாம் தோன்றும்.

எங்கள் சபையில் வருஷா வருஷம் கன்வென்ஷன் நடக்கும். பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம். வெளிநாட்டிலிருந்தோ வடக்கேயிருந்தோ ஒரு பிரசங்கியார் வந்து இங்கிலீஷில் பேசுவார். பக்கத்தில் ஒருவர் நின்று, அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தியதும் அதைத் தமிழில் சொல்வார். அதற்கு எங்கள் சபையில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர டீச்சர் அவள். குரல் கணீரென்று இருக்கும். ஒரு தடவை நார்வேயிலிருந்து வந்த பிரசங்கியார், பனி கொட்டி ஊருக்குப் போகும் பாதை மூடிப்போன கதையைச் சொன்னார். பனியைப் பார்த்தவர்கள் பந்தலில் யார் இருக்கிறார்கள்? அக்கா கொஞ்சம்கூடத் தயங்காமல், மழையில் கடப்பேரி ஏரி உடைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டை மூடிவிட்டதாகச் சொன்னாள். ஜனங்கள் 'அடப் பாவமே' என்றார்கள். நார்வேக்காரருக்குப் பரம சந்தோஷம்.

"நான் இங்கிலீஷ்ல பேசறேன். ஜெயா பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லட்டும்" என்றார் அத்தான், ஏதோ மிகச் சாதாரணமான விஷயம் போல.

துளசிங்கம் தலையில் கை வைத்தார். "சார், உள்ளூர் ஆளு நீங்க, தமிழ் ஆளு. நீங்களே இங்கிலீஷ்ல பேசி, அத்த அக்கா தமிழ்ல சொல்றதுன்னா... எவன் சார் ஒத்துப்பான்?"

ஆனால் வேறு வழியும் இல்லை.

முதல் கூட்டம் கீழ்க்கட்டளையில். நான் அரசு ஊழியன், மேடையில் ஏறக்கூடாது. அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே நிற்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை, அதனால் அங்கே நின்றேன். வயல்வேலை முடித்துவிட்டு ஜனங்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்றார்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்?

"கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே!"

கூட்டம் கப்சிப். முன்வரிசையில் நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர், சரி, ஏதோ பூஜை என்று கண்ணை மூடிக் கை கூப்பிவிட்டார். துளசிங்கம் மேடை ஓரத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. ஆனால் அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். மைக்கிலேயே சிரித்தாள். "மன்னிச்சுக்குங்க, கோயில்ல பேசிப் பேசிப் பழக்கமாயிடுச்சு. நீங்க எல்லா சாமிக்கும் பிரியமானவங்கதான்" என்றாள். கூட்டமும் சிரித்தது. கண்ணை மூடியிருந்த பெரியவரும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

அத்தான், எந்தப் பொருளுக்கு விலை ஏறினாலும் ஜனங்கள் வாங்காமல் இருக்க முடியாதோ அதைப் பற்றி நீளமாக ஒன்று சொன்னார். அக்கா, "மல்லிப்பூ விலை ஏறினா பூ வைக்காம கல்யாணத்துக்குப் போயிடுவோம். உப்பு விலை ஏறினா உப்பில்லாமச் சாப்பிடுவோமா?" என்றாள். கடன், வட்டி, இறக்குமதி எல்லாம் அப்படியே எங்கள் ஊர் மார்க்கெட் வழியாக வந்து இறங்கின. அத்தான் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். அக்கா சொல்லி முடிப்பாள். ஜனங்கள் தலையாட்டுவார்கள். அவர் அடுத்ததை ஆரம்பிப்பார். பத்துக் கூட்டத்துக்குள் இருவருக்கும் அப்படி ஒரு ஓட்டம் வந்துவிட்டது. கேட்க நன்றாக இருந்தது என்பதை நான்கூட ஒப்புக்கொள்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது அப்போது எங்களுக்குச் சிக்கலாகத் தெரியவில்லை, வேடிக்கையாகத்தான் தெரிந்தது. கன்வென்ஷனில் மொழிபெயர்க்கிறவர்கள் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. பிரசங்கியார் 'நான்' என்றால் இவர்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் சபைப் போதகர் வேதசிரோமணிதான் அக்காவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர். 'ஜெயசீலி, நீ அவருடைய வாய். வாய் போய் அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் என்று சொல்லுமா?' என்பார். அதனால் தேர்தல் மேடையிலும் அக்கா, "நான் இந்தத் தொகுதியில நிக்கறேன்" என்றாள். "நான் லண்டன்ல படிச்சப்ப" என்றாள். லண்டன் என்ன, அவள் அதுவரை அரக்கோணம் தாண்டி வடக்கே போனதில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் கூப்பி, "எனக்கு ஓட்டுப் போடுங்க" என்றாள்.

கோவிலம்பாக்கத்தில் கூட்டம் முடிந்ததும் கங்கம்மா என்று ஒரு பால்காரம்மா மேடைக்குப் பக்கத்தில் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்குத்தான் போடுவேன் கண்ணு. எங்க தெரு மொத்தமும் ஒனக்குத்தான். ஆமா, ஒங்கூடவே ஒருத்தரு வந்துகினு கீறாரே, நீ பேசச்சொல்ல குறுக்க குறுக்க இங்கிலீஷ்ல எதுனா சொல்லிகினு... யாரும்மா அவரு?"

அத்தான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் அந்த வேடிக்கையும் கொஞ்சம் முற்றியது. ஓட்டுச் சீட்டில் அம்மா பேரைக் காணோம் என்று பெண்கள் வெளியே வந்து சண்டை பிடித்தார்கள். துளசிங்கம் ஊர் ஊராக ஓடி, "அம்மா வூட்டுக்காரரு பேருதான் கீது. அவருக்குக் குத்துனா அம்மாவுக்குக் குத்துன மாதிரி" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். சமாதானம் எடுபட்டது. அத்தான் ஜெயித்துவிட்டார்.

டெல்லிக்கு அத்தான் மட்டும்தான் போனார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்றாள். லீவுக்கு லீவு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். டெல்லியில் இங்கிலீஷ் போதும் என்பதால் அத்தானுக்கு அங்கே தண்ணீரில் விட்ட மீன் நிலைமைதான். ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பார்லிமென்டில் ஒரு வாக்கியம் சொல்லுவார், நிறுத்துவார். அப்புறம்தான் அடுத்த வாக்கியம். அக்கா சொல்லி முடிக்க வேண்டிய நேரம் அது. பத்திரிகைக்காரர்களுக்கு இது தெரியுமா? 'பேராசிரியரின் ஆழ்ந்த மௌனங்கள்' என்று எழுதினார்கள். 'ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துப் பேசுகிறவர்' என்று எழுதினார்கள். ஒரு மே மாதம் அக்கா போய் மேலே பார்வையாளர் கேலரியில் உட்கார்ந்து கேட்டாளாம். அவர் நிறுத்தின இடத்திலெல்லாம் இவள் உதடு தானாக அசைந்ததாம். பக்கத்திலிருந்த பஞ்சாபிக்கார அம்மாள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டாளாம்.

அந்த மௌனங்கள் அத்தானை ஏணியில் ஏற்றிவிட்டன. பட்ஜெட் வந்தால் கட்சி சார்பில் அவர்தான் பேசுவார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எழுபதில் அவரை அகில இந்தியப் பொதுச் செயலாளர் ஆக்கினார்கள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார்கள் நிற்க ஆரம்பித்தன. செம்பருத்திக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

அந்த வருஷக் கடைசியில் பார்லிமென்டைக் கலைத்தார்கள். மறுபடி தேர்தல். அடுத்த ஜனவரியில் அக்காவின் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் ரத்தினபாய் அம்மாள் ஓய்வு பெற்றார். அடுத்த இடம் அக்காவுக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருபது வருஷம் அந்தப் பிள்ளைகளுக்காக உழைத்தவள். பெண்களுக்கு ஒரு லாபரட்டரி வேண்டும், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு விடுதி வேண்டும் என்று எங்களிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டே இருப்பாள். நாங்களும் ம், ம் என்று கேட்டுக்கொண்டு மோர் ஊற்றிக்கொள்வோம்.

பள்ளியின் தாளாளரும் போதகர் வேதசிரோமணிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தியோகம் உனக்குத்தாம்மா. ஆனா இந்தத் தடவை நீ தேர்தல் மேடையில ஏறினா கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. பள்ளிக்கூடத்துத் தலைமையில இருக்கறவங்க கட்சி மேடையில நிக்கக் கூடாது."

"நான் மொழிபெயர்க்கத்தானே ஐயா செய்யறேன்?"

"'எனக்கு ஓட்டுப் போடுங்க'ன்னு நீ கை கூப்பினதை நானே பார்த்தேனேம்மா. கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அந்த 'நான்' பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தானே என்று கேட்க எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. அக்கா என் காலை மிதித்தாள். போதகர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் எரிச்சல்.

அக்கா ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தானுக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் தேடினோம். கல்லூரித் தமிழ்த்துறையில் அவருடைய நண்பர் பத்ரிநாராயணன் முன்வந்தார். மகா பண்டிதர். பல்லாவரத்தில் அத்தான் உப்பைப் பற்றிச் சொன்னதும் இவர், "தேவை நெகிழ்ச்சியற்ற பண்டங்களைக் குறித்துப் பேராசிரியர் அவர்கள் ஈண்டு கூறுகின்றார்" என்றார். கூட்டம் மெல்ல எழுந்து வேர்க்கடலை வண்டிப் பக்கம் போயிற்று. அடுத்த இரண்டு ஊரிலும் அதே கதைதான். "அம்மா ஏன் வரல?" என்று கோவிலம்பாக்கத்தில் கேட்டார்கள். அம்மாவே இல்லையென்றால் இவருக்கு எதற்கு ஓட்டு என்று கேட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் பழைய சுவர் எழுத்தின்மேல் புதுச் சுண்ணாம்பு அடித்து அதையே மறுபடி எழுதினார்கள்.

துளசிங்கம் வந்து உடைத்துச் சொல்லிவிட்டார். "சார், இப்டியே போனா பேஜாராப் பூடும். தாம்பரம் கூட்டத்துக்காவது அக்கா வந்தாத்தான் தப்பிப்போம்."

அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் அக்காவிடம் கேட்டார். "ஒரே ஒரு கூட்டம் ஜெயா. தாம்பரத்துல மட்டும். நீயில்லாம எனக்குப் பேச வரலை."

அக்கா பரீட்சைப் பேப்பர்களைத் தள்ளி வைத்தாள். அவள் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"அந்த ஒரு கூட்டத்தோட என் உத்தியோகம் போயிடும், தெரியுமில்ல? ஊர் ஊராப் போயி நான், நான், நான்னு தொண்டை வறள சொன்னேன். அதுல ஒரு 'நான்'கூட என்னைப் பத்தினது இல்லை. நான் லண்டனுக்குப் போனேனாம், நான் பட்ஜெட் படிச்சேனாம்! இப்பதான் நிஜமாவே நான்னு சொல்லிக்க ஒண்ணு கிடைச்சிருக்கு. அதையும் கேக்கறீங்களே!"

அத்தான் எழுந்து தோட்டத்துக்குப் போனார். நானும் மாடிக்குப் போய்விட்டேன். இருவர் மேலும் எனக்குப் பரிதாபமாக இருந்தது. அத்தான் தோற்றால் அவருடைய அத்தனை உழைப்பும் போச்சு. அக்கா மேடையேறினால் அவளுடைய இருபது வருஷம் போச்சு. இதில் யார் பக்கம் பேசுவது?

தாம்பரம் கூட்டத்தன்று பள்ளியிலிருந்து வந்த அக்கா முகம் கழுவினாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது அவளுடைய மேடைச் சேலை. கைப்பையை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, யோசிச்சுத்தான் பண்றியா?"

"அவர் தோத்துட்டார்னா அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல உக்காந்து நான் என்னத்தப் படிப்பேன், என்னத்த எழுதுவேன்? வா போலாம்" என்றாள்.

ஆனால் ஹாலில் அத்தானைக் காணவில்லை. அரைமணி முன்னாலேயே துளசிங்கத்தின் காரில் கிளம்பிப் போய்விட்டார் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார். "மச்சான், உங்கக்கா எப்படியும் வருவா. பின்னாலேயே நிறுத்திக்க. மேடைப் பக்கம் வந்தாள்னா அப்புறம் நான் விடமாட்டேன், என்னை எனக்கே தெரியும்." அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ரயிலடிக்குப் பக்கத்து மைதானத்தில் நல்ல கூட்டம். பெண்கள் பகுதிக்குப் பின்னால், ஒரு சோடாக் கடை ஓரமாக நாங்கள் நின்றோம். மேடையில் அத்தான் மட்டும். பத்ரிநாராயணனும் இல்லை. மைக் ஒன்றுதான் இருந்தது.

அத்தான் கண்ணாடியைத் துடைத்தார். தமிழில் ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். அரிசி விலையைப் பத்திப் பேசலாம்னு வந்தேன்."

நிறுத்தினார். பழக்க தோஷம். பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டமும் அந்த இடத்தைப் பார்த்தது. "அம்மா எங்க சார்?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

அத்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "அம்மா வரமாட்டாங்க. அவங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ஆயிட்டாங்க. இருபது வருஷம் உழைச்சு வாங்கின உத்தியோகம். இனிமே அவங்க எனக்காகப் பேச மாட்டாங்க. நானேதான் பேசணும். எனக்கு அவ்வளவு நல்லா வராது, பொறுத்துக்குங்க."

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முதலில் கைதட்டினார்கள். அப்புறம் மைதானமே தட்டியது. அந்தத் தேர்தலில் அத்தானுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான். அக்கா தட்டவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் தட்டுத் தடுமாறிப் போனார். வேதாகமத் தமிழ் இரண்டு இடத்தில் எட்டிப் பார்த்தது. ஆனால் போனார். அப்புறம் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார்.

"அரிசி இல்லாம இல்லை. குடோன்ல இருக்கு. விலை ஏறட்டும்னு வெளிய விடாம உள்ளேயே வெச்சிருக்காங்க. இதுக்கு... இதுக்குப் பேரு..."

வரவில்லை. இங்கிலீஷ் வார்த்தை அவர் உதட்டுக்கு வந்து நின்றதை நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விழுங்கினார். மேடைக்குக் கீழே துளசிங்கம் வியர்வையைத் துடைத்தார்.

அக்காவுக்கு அந்த வார்த்தை தெரியும். எத்தனை மேடையில் அதைச் சொன்னவள்! வாய் திறந்துவிட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கைப்பையை என்னிடமிருந்து பிடுங்கி அதனால் வாயை அழுத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பதுக்கல்!" என்று முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பதுக்கல் சார், பதுக்கல்!" என்று நான்கு பக்கமும் கத்தினார்கள்.

"பதுக்கல்" என்று அத்தான் முதல் பெஞ்சு மாணவன் மாதிரி திருப்பிச் சொன்னார். "சரி. பதுக்கின அரிசியை அப்புறம் எப்படி விக்கறாங்க?"

"பிளாக்குல!" என்று மைதானம் முழுக்க ஒரே குரல்.

"அது எனக்கே தெரிஞ்ச வார்த்தை" என்றார் அத்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதற்குப் பிறகு அது கூட்டமாகவே இல்லை, அவருடைய வகுப்பாகிவிட்டது. அவர் கேட்டார், அவர்கள் சொன்னார்கள். அவர் நிறுத்தின இடத்திலெல்லாம் ஜனங்கள் புகுந்துகொண்டார்கள். என் அத்தான் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

அக்கா கைப்பையை வாயிலிருந்து எடுத்தாள். அதில் பல் தடம் பதிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

"இன்னும் முடியலையே அக்கா!"

"முடிச்சிடுவார்" என்று நடக்க ஆரம்பித்தாள்.

அத்தான் அந்தத் தேர்தலில் ஜெயித்தார். கோவிலம்பாக்கத்தில் ஓட்டுக் குறைந்தது, தாம்பரத்தில் கூடிற்று. டெல்லியில் இன்னும் மேலே மேலே போனார், எழுபத்தேழில் மந்திரியாகவும் ஆனார். அக்காவின் பள்ளிக்கு லாபரட்டரி வந்தது, விடுதியும் வந்தது. இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த விஷயம். ஊருக்குத் தெரியாதது, கூட்டம் முடிந்து அத்தான் வீட்டுக்கு வந்ததும் நடந்தது.

தொண்டை கட்டி, கழுத்தில் இரண்டு மாலையோடு வந்தார். அக்கா சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மாலையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு ஜெயா?"

"எனக்கென்ன தெரியும்? பாதியிலேயே வந்துட்டேன்."

அத்தானின் முகம் சுருங்கிப்போயிற்று. "பாதியிலேயா? அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"நீங்க வார்த்தை கேட்டீங்க, அவங்க எடுத்துக் குடுத்தாங்க. அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை? நாளைக்கு ஸ்கூல் அசெம்பிளியில நான் பேசணும். அதுக்குத் தயார் பண்ண வேண்டாமா?"

அத்தான் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். மாலைகளைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். நான் தட்டை அவர் பக்கம் தள்ளினேன், அவர் கவனிக்கவில்லை.

"என்ன பேசப்போற?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டு நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போலிருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் அவர் எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். விடுதியில் ஆரம்பித்து, பொத்தேரியிலிருந்து ரயிலேறி வரும் பெண்களைப் பற்றி, மழைக்காலத்தில் அவர்கள் படிப்பை நிறுத்திவிடுவதைப் பற்றிச் சொன்னாள். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. அத்தான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.